மூச்சு முட்டிய தொட்டி

மார்ச் 4, செவ்வாய்

மன்னித்துக்கொள் அக்கா, இன்றும் நடுராத்திரிக்குத்தான் எழுத உட்கார்கிறேன். பட்டாணி இப்போதுதான் கண்ணை மூடினாள். ஏழு மாதம் முடிந்தும் அவளுக்கு ராத்திரி எது பகல் எது என்று தெரியவில்லை. எனக்கும் மறந்துகொண்டு வருகிறது. "ஃபோன்ல அழுதா எனக்கு டூட்டி ஓடாது. நோட்டுல எழுது, அப்பப்ப படம் எடுத்து அனுப்பு" என்றாய். எழுதுகிறேன். நீ உன் ஆஸ்பத்திரி வார்டில் கட்டில் கட்டிலாக நடந்துகொண்டிருப்பாய் என்று நினைத்துக்கொண்டு எழுதினால் பக்கத்தில் ஆள் இருப்பது போல இருக்கிறது.

இன்றைய புகார்: நாற்றம்.

நீ இந்த வண்டியைப் படத்தில்தான் பார்த்திருக்கிறாய். முன்னால் ஸ்டியரிங், நடுவில் அடுப்பு, பின்னால் கட்டில். அடுப்புக்கும் கட்டிலுக்கும் இடையில் அலமாரி அகலத்துக்கு ஒரு கக்கூஸ். அதற்கு நேர் கீழே, வண்டியின் வயிற்றில் ஒரு தொட்டி. பெடலை மிதித்தால் பீங்கானின் அடியில் ஒரு மூடி திறக்கும், எல்லாம் தொட்டிக்குள் விழும். காலை எடுத்தால் மூடி மூடிக்கொள்ளும். தொட்டி நிறைந்ததும் வெளியே ஹோஸ் மாட்டி, வால்வைத் திறந்து, நாங்கள் வண்டி நிறுத்தியிருக்கிற திடலின் சாக்கடைக் குழியில் விட வேண்டும். ஊர் ஊராகப் போய் கேஸ் குழாயில் கசிவு பார்க்கிறவரைக் கட்டிக்கொண்டதில் இதெல்லாம் எனக்கு இப்போது பாடம்.

இரண்டு நாளாகப் பெடலை மிதித்தால் கீழேயிருந்து ஒரு ஏப்பம் வருகிறது. நிஜமாகவே ஏப்பம்! விருந்து சாப்பிட்ட மனிதர் விடுவது போல. கூடவே அழுகின முட்டை வாடை. வண்டி முழுக்கப் பரவி, கட்டில் வரைக்கும் வந்து, பட்டாணியின் தொட்டிலுக்கு மேல் நிற்கிறது.

அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். உள்ளே போய் நின்றார், மூக்கை உறிஞ்சினார்.

"ஒண்ணும் இல்லையேம்மா."

"ஏங்க, குமட்டுது!"

"உனக்குத் தூக்கம் இல்ல. அதான்."

என் பேச்சுக்கு மதிப்பில்லாமல் போனதில் என் பங்கும் உண்டு. போன மாதம் ஏதோ கருகுகிறது என்று தீயணைப்பு வண்டியைக் கூப்பிட்டுவிட்டேன். பக்கத்து வண்டித் தையல்காரம்மா ரொட்டியைத் தீய்த்திருந்தார், அவ்வளவுதான். அதிலிருந்து திடல் முழுக்க என்னைப் பார்த்தால் ஒரு சிரிப்பு. அவர் மூக்கோ கம்பெனியிலேயே பேர்போன மூக்கு. மீட்டர் முள் அசைவதற்குள் இவர் "இங்கதான்" என்று கை வைப்பாராம். அந்த மூக்கே ஒன்றும் இல்லை என்றால் என் மூக்குக்கு யார் ஓட்டுப் போடுவார்கள்?

ஒரே ஒரு நல்ல செய்தி. காற்றடித்தால் கூரையில் ஏதோ ஒன்று நாய் மாதிரி ஊளையிடும், பட்டாணி அலறி எழுவாள் என்றேனே. ஞாயிற்றுக்கிழமை அவர் மேலே ஏறிச் சரி செய்துவிட்டார். அந்தச் சத்தம் இல்லை. தூங்கலாம். நாற்றத்தோடு தூங்கலாம்.

மார்ச் 5

பெடல். ஏப்பம். நாற்றம். ஜன்னலைத் திறந்தேன், பட்டாணி தும்மினாள். மூடினேன்.

மார்ச் 7, வெள்ளி

மூன்று வருடம் இயற்பியல் படித்துப் பட்டம் வாங்கினவள் ஒரு கக்கூஸிடம் தோற்கலாமா? இன்று முறையாக ஆரம்பித்தேன்.

முதல் சந்தேகம், பீங்கானுக்கு அடியில் இருக்கிற அந்த மூடியின் ரப்பர் வளையம். அது தேய்ந்திருந்தால் கீழே இருக்கிற காற்று கசிந்து வரும். பீங்கானில் பாதி அளவு தண்ணீர் ஊற்றிவிட்டு, பட்டாணிக்குப் பால் கொடுத்து, துணி துவைத்து, சமைத்து முடித்து வந்து பார்த்தேன். ஒரு சொட்டு இறங்கவில்லை. வளையம் சரி.

இரண்டாவது, பாத்திரம் கழுவுகிற தொட்டியின் ஓட்டை, குளிக்கிற இடத்து ஓட்டை. அவற்றின் அடியில் வளைந்த குழாயில் தண்ணீர் நிற்காமல் காய்ந்துபோனாலும் நாற்றம் ஏறுமாம். எல்லாவற்றிலும் தண்ணீர் ஊற்றினேன். குனிந்து முகர்ந்தேன். ஒன்றும் இல்லை. நாற்றம் வருவது கக்கூஸில் மட்டும், பெடலை மிதிக்கும்போது மட்டும்.

தையல்காரம்மா பட்டன் தைத்த சட்டையைக் கொடுக்க வந்தார். ஆளையே பிடித்து இழுத்து உள்ளே விட்டேன். "நீங்களே சொல்லுங்கம்மா."

முகர்ந்தார். முகத்தைச் சுளித்தார். எனக்கு உயிர் வந்தது.

"டயப்பர்மா," என்றார். "குழந்தை இருக்கற இடம் இப்படித்தான் இருக்கும். என் மூணாவது பையன் இருந்தப்ப என் வீட்டுக்காரர் மாடியில போய்ப் படுத்துக்கிட்டாரு."

"டயப்பர எல்லாம் அப்பப்ப வெளிய போட்டுடறேன்மா!"

"போட்டாலும் வாடை போகுமா? கல்யாணம் ஆன வீட்டுல சண்டை மாதிரி. ஒட்டிக்கும்."

ராத்திரி சாப்பிடும்போது அவர் குழம்பைச் சப்பென்று இருக்கிறது என்றார். டிசம்பரில் காய்ச்சலில் படுத்து எழுந்த நாளாய் நான் வைக்கிற எதுவும் அவருக்குச் சப்பென்றுதான் இருக்கிறது. மிளகாய்த் தூள் டப்பாவைக் கவிழ்த்துக்கொள்கிறார். மூக்கும் சரியில்லாதவள், கையும் ருசி இல்லாதவள். நல்ல மருமகள் கிடைத்தாள் அந்தக் குடும்பத்துக்கு.

மார்ச் 9, ஞாயிறு

திடல்காரரிடம் கேட்டேன். வண்டிகளை நிறுத்தும் இந்த இடத்துக்கு அவர்தான் ராஜா. இடுப்பில் சாவிக் கொத்து, வாயில் எல்லாக் கேள்விக்கும் பதில்.

"வால்வ மூடி வச்சிருக்கீங்களா? ஐயோ, அதாம்மா தப்பு! ஹோஸ மாட்டித் திறந்தே விடுங்க. வர வரப் போய்க்கிட்டே இருக்கும். தேங்குனாத்தானே நாறும்?"

கேட்கும்போது எவ்வளவு நியாயமாக இருந்தது! தேங்கினால்தானே நாறும். என் வீட்டுக்காரரும் தலையாட்டினார். திறந்து விட்டோம்.

மார்ச் 12, புதன்

திறந்து விட்ட வால்வு மூன்று நாளாகத் திறந்தே இருக்கிறது. ஆனால் சுவரில் இருக்கும் மீட்டரில் "தொட்டி நிறைந்தது" என்று சிவப்பு விளக்கு எரிகிறது. எப்படி?

திடல்காரர் வந்தார், ஹோஸைத் தட்டினார், கீழே குனிந்தார், நிமிர்ந்து சிரித்தார். "தண்ணி மட்டும் ஓடிப்போச்சும்மா. மத்ததெல்லாம் ஓடாம உள்ளயே உக்காந்துருச்சு."

"நீங்கதானே திறந்து விடச் சொன்னீங்க?"

"நான் பொதுவாச் சொன்னேன்மா."

பொதுவாகச் சொன்னாராம்! ஆக, தண்ணீரில் கரைந்து போக வேண்டியதெல்லாம் காய்ந்து குவிந்து, எங்கள் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு மலை. கல்யாணமாகி நாங்கள் இருவரும் சேர்த்து வைத்த ஒரே சொத்து இதுதான் என்று அவரிடம் சொன்னேன். அவர் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. பிறகு பட்டாணி அழுதாள், இருவரும் நிறுத்திக்கொண்டோம்.

மார்ச் 13

வால்வை மூடி, பீங்கான் வழியாக வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினோம். உள்ளே குலுங்கட்டும் என்று அவர் வண்டியைத் திடலைச் சுற்றிச் சுற்றி ஓட்டினார். பட்டாணிக்கு ஒரே கொண்டாட்டம். மற்றவர்கள் நாற்காலி போட்டு வேடிக்கை பார்த்தார்கள்.

மாலையில் திறந்துவிட்டோம். போயிற்று. ஆனால் ஒழுங்காகப் போகவில்லை. களக் என்று கொஞ்சம், அப்படியே நிற்கும், மறுபடி களக் என்று கொஞ்சம். இழுத்து இழுத்து விடுகிறது. இருட்டிய பிறகுதான் காலியானது.

மலை கரைந்தது. சிவப்பு விளக்கு அணைந்தது. கையைக் கழுவிவிட்டு, நம்பிக்கையோடு பெடலை மிதித்தேன்.

ஏப்பம்.

மார்ச் 15, சனி

எழுதக் கை வரவில்லை. எழுதினால்தான் தூக்கம் வரும்.

சாயங்காலம் அவர் வெளியே நின்று அவருடைய அக்காவோடு ஃபோனில் பேசிக்கொண்டிருந்தார். நான் கட்டிலில் பட்டாணியைத் தட்டிக்கொண்டிருந்தேன். ஜன்னல் கண்ணாடி மெல்லிசு என்பது அவருக்கு மறந்துவிட்டது.

"இல்லாத நாத்தமெல்லாம் அவளுக்கு வருதுக்கா... ஆமா, ராத்திரியும் எழுந்து எழுந்து குழந்தை மூச்சு விடுதான்னு பாக்கறா... இல்ல, சண்டை எல்லாம் இல்ல. கொஞ்ச நாள் உங்கிட்ட வச்சுக்கோயேன். குழந்தையையும் நீயே பாத்துக்கோ. நான் அடுத்த ஊர் வேலைய முடிச்சுட்டு வரேன்."

அப்புறம் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். "சரிக்கா. அடுத்த ஞாயித்துக்கிழமை வந்து கூட்டிட்டுப் போ."

ஞாயிற்றுக்கிழமை. அண்ணி கார் எடுத்துக்கொண்டு வருவாள். "பாப்பாவ என்கிட்டக் குடுத்துட்டு நீ தூங்குமா" என்று ஆரம்பிப்பாள். அவள் கெட்டவள் இல்லை, அதுதான் கஷ்டம். நல்ல மனதோடு என் கையிலிருந்து குழந்தையை வாங்கிக்கொள்வாள். நான் பால் கொடுக்க மட்டும் எழுப்பப்படுவேன். சொந்தக்காரர்கள் வந்தால், "பாவம், பிரசவத்துக்கு அப்புறம் அதுக்குக் கொஞ்சம் மனசு சரியில்ல" என்று மெதுவான குரலில் சொல்வார்கள். ஒரு தடவை அந்தப் பேர் வந்தால் அப்புறம் நான் எதைச் சொன்னாலும் அந்தப் பேர்தான் பதில். அவர் வேறு ஊரில், நான் வேறு ஊரில்.

அக்கா, இது என் மூளையா? நீ பார்த்திருப்பாய் அந்த மாதிரிப் பெண்களை. அவர்களுக்கும் இப்படித்தான் நிச்சயமாகத் தெரியுமா? எனக்கு அவ்வளவு நிச்சயமாகத் தெரிகிறது, அதுவே பயமாக இருக்கிறது.

மார்ச் 16

அவரிடம் கேட்கவில்லை. கேட்டால் அழுவேன். அழுதால், "பாத்தியா" என்பார்.

மார்ச் 17, திங்கள்

அழுகையை ஒத்தி வைத்தேன். மூக்கை யாரும் நம்ப மாட்டார்கள். கண்ணால் பார்த்தால் நம்புவார்கள் அல்லவா?

பட்டாணிக்குத் துடைக்கிற மெல்லிய காகிதத்தில் நீளமாக ஒரு துண்டு கிழித்தேன். பீங்கானுக்கு மேல் அதைத் தொங்க விட்டபடி பெடலை மிதித்தேன். காகிதம் மேலே துள்ளியது! விசிறினாற்போல. மறுபடி மிதித்தேன். மறுபடி துள்ளல். கீழேயிருந்து காற்று என் முகத்துக்கு வருகிறது. இது கற்பனை இல்லை. காகிதத்துக்குப் பிரசவம் ஆகவில்லை, தூக்கம் கெடவில்லை.

அப்போதுதான் தலைக்கு மேலே எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடிக்கொண்டிருப்பது உறைத்தது. நாற்றம் போகட்டும் என்று பதினைந்து நாளாக நான்தான் ராப்பகலாக அதை ஓட விட்டிருக்கிறேன். பட்டாணிக்குக் குளிர் என்று ஜன்னல்களையும் மூடி வைத்துவிட்டு! ஃபேன் காற்றை வெளியே தள்ளினால் அதற்கு ஈடாக எங்கிருந்தாவது காற்று உள்ளே வந்தாக வேண்டும். ஜன்னல் வழியில்லை என்றால், தொட்டி வழியாக. நாற்றத்தை விரட்டுகிறேன் என்று நானே உறிஞ்சி உறிஞ்சி எடுத்திருக்கிறேன். இயற்பியல் பட்டதாரி! தலையில் அடித்துக்கொண்டேன்.

ஃபேனை நிறுத்தினேன். ஜன்னலைத் திறந்தேன். மிதித்தேன்.

துள்ளல் குறைந்தது. ஆனால் நிற்கவில்லை. இன்னும் ஏதோ இருக்கிறது.

அவருக்குக் காட்டினேன். "காகிதம் பறக்குது, சரி. அதனால நாத்தம் இருக்குன்னு ஆயிடுமா?" என்றார். இந்த மனிதனை என்ன செய்ய?

மார்ச் 18

இன்னும் ஐந்து நாள்.

மார்ச் 19, புதன்

கண்டுபிடித்துவிட்டேன். கண்டுபிடித்துவிட்டேன். ஆனால் அதைவிடப் பெரியது ஒன்று நடந்துவிட்டது, அதைக் கடைசியில் எழுதுகிறேன். வரிசையாக எழுதாவிட்டால் எனக்கே புரியாது.

காலையில் பட்டாணி பால் புட்டியோடு மல்லுக்கட்டினாள். சப்புகிறாள், பால் வரவில்லை, ரப்பர் காம்பு உள்வாங்கி ஒட்டிக்கொண்டது, வீறிட்டாள். புட்டியைப் பிடுங்கிப் பார்த்தால், காம்பின் ஓரத்தில் காற்றுக்காக ஒரு சின்னத் துளை இருக்குமே, அதில் பால் காய்ந்து அடைத்திருந்தது. ஊசியால் குத்தினேன். களக், களக், களக் என்று காற்று உள்ளே போனது, பால் இறங்கியது.

அந்தச் சத்தம். வியாழக்கிழமை ஹோஸில் கேட்ட அதே சத்தம்.

புட்டியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். தொட்டியிலிருந்து வெளியே போக வேண்டுமானால் அதன் இடத்துக்குக் காற்று உள்ளே வர வேண்டும். உள்ளே உண்டாகிற வாயு வெளியே போகவும் ஒரு வழி வேண்டும். ஆக, தொட்டிக்கு எங்கேயோ ஒரு மூச்சுக்குழல் இருந்தாக வேண்டும். அது அடைத்திருக்கிறது. அடைத்ததால் வாயு திரண்டு, நான் பெடலை மிதிக்கிற நேரம் பார்த்து மேலே பாய்கிறது.

எங்கே அந்தக் குழல்? கக்கூஸின் பின் சுவரைத் தட்டிக்கொண்டே வந்தேன். பட்டாணியின் துணி வைக்கிற அலமாரியின் மூலையில் பலகை போட்டு மறைத்து, தரையிலிருந்து கூரைக்கு ஒரு குழாய் போகிறது. இத்தனை நாளும் தூண் என்று நினைத்திருந்தேன். நேராகக் கூரைக்கு. நேராக அந்த ஊளையிட்ட இடத்துக்கு!

பட்டாணியைத் தூக்கிக்கொண்டு தையல்காரம்மாவிடம் ஓடினேன்.

"இவளக் கொஞ்சம் பிடிங்க. நான் கூரை மேல ஏறணும்."

"ஏம்மா, வீட்டுக்காரரோட சண்டையா? கீழ இருந்தே பேசித் தீத்துக்கலாமே!"

"கக்கூஸ் பாக்கறதுக்கும்மா."

"கக்கூஸ் கீழதானே இருக்கு?" என்றார். ரொம்பவும் கவலையாகிவிட்டார். அதற்குள் நான் வண்டியின் பின் ஏணியில் பாதி ஏறியிருந்தேன். கீழே பார்க்கவில்லை.

கூரையில் ஒரு குழாய், முழங்கால் உயரம் கூட இல்லை. அதன் தலையில் பட்டாணியின் பால்பவுடர் டப்பா. கவிழ்த்து வைத்து, சுற்றிலும் கறுப்பு டேப், சுற்றோ சுற்று என்று சுற்றியிருந்தது. அவர் கைவேலை. காற்று குழாயின் வாயில் பட்டு ஊளையிட்டிருக்கிறது, அவர் வாயை அடைத்திருக்கிறார். என் பெண்டாட்டி தூங்கட்டும் என்று. அது என்ன குழாய் என்று அவருக்கும் தெரியவில்லை, ஊளை நின்றதே போதும் என்று நானும் கேட்கவில்லை.

டேப்பைப் பிய்க்க நகம் உடைந்தது. டப்பா கழன்றதும் புஸ்ஸென்று என் மூஞ்சியில் அடித்தது பார், பதினேழு நாள் சேர்த்து வைத்தது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அப்படியும் கூரையில் உட்கார்ந்து சிரித்தேன். தையல்காரம்மா கீழேயிருந்து, "இறங்கும்மா, எதுவா இருந்தாலும் பேசிக்கலாம்" என்று கெஞ்சிக்கொண்டிருந்தார்.

இறங்கி வந்து காகிதத்தைத் தொங்கவிட்டேன், மிதித்தேன். காகிதம் கீழ்நோக்கி மெல்ல வளைந்தது. ஏப்பம் இல்லை. வண்டியை முழுக்கத் திறந்து காற்றாட விட்டேன். மாலைக்குள் நாற்றம் சுத்தமாகப் போய்விட்டது. தையல்காரம்மாவே வந்து முகர்ந்து பார்த்து, "டயப்பர் மாத்திட்டியா?" என்றார். சரி, மாற்றிவிட்டேன் என்றேன்.

அவரிடம் ஃபோனில் சொல்லவில்லை. வந்ததும் வாசல் படியில் நிற்கும்போதே அவருக்கே தெரியட்டும் என்று காத்திருந்தேன். "என்ன, இன்னிக்கு நல்லா இருக்கே?" என்று அவர் வாயால் வரட்டும். அப்புறம் டப்பாவைக் காட்டலாம். ஒத்திகை கூடப் பார்த்து வைத்திருந்தேன்.

வந்தார். செருப்பைக் கழற்றினார். என் முகத்தைப் பார்த்தார். என்ன தோன்றியதோ, குற்ற உணர்ச்சியோ, ஞாயிற்றுக்கிழமையை நினைத்தாரோ. மூக்கை உறிஞ்சிவிட்டு, ரொம்ப மென்மையாகச் சொன்னார்:

"நீ சொன்னது சரிதாம்மா. இன்னிக்கு எனக்கே தெரியுது. நல்லாவே நாறுது."

நானும் ஒரு தடவை இழுத்து முகர்ந்தேன்.

நாறவில்லை அக்கா. ஒரு துளி நாற்றம் இல்லை.

பையில் மத்தியானப் புட்டி ஒன்று மறந்து கிடந்தது. புளித்துப்போன பால், மூடியைத் திறந்தாலே நாறும். எடுத்து அவர் கையில் கொடுத்தேன். "பாப்பாவுக்குக் குடுக்கலாமா, பாருங்க."

மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். "நல்லாத்தானே இருக்கு," என்று பட்டாணியை மடியில் எடுத்துவிட்டார். புட்டியைத் தட்டிவிட்டேன். தரையெல்லாம் பால்.

"எத்தனை நாளா?" என்று கேட்டேன்.

"என்ன எத்தனை நாளா?"

"மூக்கு!"

வெகு நேரம் தரையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அப்புறம், "காய்ச்சல்ல இருந்து," என்றார். "வந்துரும்னு நெனச்சேன். எல்லாருக்கும் திரும்பி வருதாமே."

"வேலைக்கு?"

"மீட்டர் இருக்கு. ஆனா மூக்கும் இருக்கணும்னு கம்பெனி ரூல். தெரிஞ்சா வெளிய நிறுத்திடுவாங்க."

"அதனால? என்னப் பைத்தியம்னு சொல்லிட்டீங்க!"

"பைத்தியம்னு சொல்லல..."

"இல்லாத நாத்தம்னு சொன்னீங்க! இருக்கா இல்லையான்னு உங்களுக்கே தெரியாது! தெரியாதுன்னு தெரிஞ்சும் சொன்னீங்க. உங்க அக்காகிட்ட! ஃபோன்ல! நான் கேட்டேன்!"

கேஸ் அடுப்பு வைத்த வண்டிக்குள் ஏழு மாதக் குழந்தையை வைத்துக்கொண்டு, வாசனை தெரியாத ஒருவர், வாசனை தெரிகிற ஒருத்தியைப் பார்த்து, உனக்குத்தான் தப்பு என்று இரண்டு வாரமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். அடுத்தவர் வீட்டில் போய் கசிவு இல்லை என்று கையெழுத்தும் போட்டுக்கொண்டிருக்கிறார்!

அவர் முன் சீட்டில் படுத்திருக்கிறார். தூங்கவில்லை என்று தெரிகிறது. நானும்.

மார்ச் 20

கேஸ் கசிந்தால் கத்துகிற அலாரம் ஒன்று வாங்கி வந்து, அடுப்புக்குப் பக்கத்தில் அவரே மாட்டினார். கூரைக் குழாய்க்கு, பக்கவாட்டில் காற்று போகிற சரியான மூடி ஒன்றையும் மாட்டினார். நான் ஏணியை மட்டும் பிடித்துக்கொண்டேன்.

"அக்காவுக்கு ஃபோன் பண்ணி வர வேண்டாம்னு சொல்லிடவா?" என்றார்.

"வரட்டும்," என்றேன். "நீங்க சொல்லி அனுப்புனது. நீங்களே சொல்லித் திருப்பி அனுப்புங்க. காரணத்தோட."

மார்ச் 22

அவர் சொல்வாரா?

மார்ச் 23, ஞாயிறு

அண்ணி வந்தாள். படியில் கால் வைத்ததும் கைக்குட்டையை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டாள், போருக்கு வந்தவள் மாதிரி. உள்ளே வந்தாள். கைக்குட்டையை மெல்ல எடுத்தாள். இந்தப் பக்கம் முகர்ந்தாள், அந்தப் பக்கம் முகர்ந்தாள், கக்கூஸ் கதவைத் திறந்து தலையை விட்டாள்.

"எங்கம்மா நாத்தம்?"

"இப்ப இல்ல அண்ணி. சரி பண்ணியாச்சு."

அவள் என்னைப் பார்த்த பார்வை! இரக்கம், அக்கா. சுத்தமான இரக்கம். "ஆமாம்மா, சரியாயிடும். எல்லாம் சரியாயிடும். நீ பாப்பா துணிய எடுத்து வை," என்று என் தோளைத் தட்டினாள். நாற்றத்தை நானே கண்டுபிடித்து, நானே போக்கி, அதனாலேயே நாற்றம் எப்போதும் இருந்ததில்லை என்று ஆகிவிட்டது. இதைவிட ஒரு கேலிக்கூத்து உண்டா? குழாய், டப்பா, காகிதம் எல்லாம் என் நாக்கு நுனியில் நின்றன. நான் சொன்னால் இன்னும் மோசமாகும் என்பதும் தெரிந்தது. கூரை மேல் ஏறினேன் என்று சொல்லிப் பார், என்ன நினைப்பாள்?

அவர் அடுப்புக்குப் பக்கத்தில் நின்றார். நான் அவரைப் பார்க்கவே இல்லை. பட்டாணியின் சட்டைகளை ஒவ்வொன்றாக மடித்தேன். நான்காவதோ ஐந்தாவதோ மடிக்கும்போது குரல் வந்தது.

"அக்கா. நாத்தம் இருந்துச்சு."

"என்னடா?"

"நிஜமாவே இருந்துச்சு. காத்துக்குழாய நான்தான் அடைச்சு வச்சேன். அவதான் கண்டுபிடிச்சா. எனக்குத்தான் தெரியல. எனக்கு மூக்கு போயிடுச்சு."

"மூக்கு போயிடுச்சா? முகத்துலதானேடா இருக்கு?"

"வாசனை தெரியல அக்கா. மூணு மாசமா. ஒண்ணுமே தெரியல. பயந்துட்டு யார்கிட்டயும் சொல்லல."

அண்ணி உட்கார்ந்துவிட்டாள். அவளுடைய கைப்பையிலிருந்து தைல பாட்டிலை எடுத்து, திறந்து, நேராக அவர் மூக்கிலேயே வைத்தாள்.

"இது?"

"எரியுது. வாசனை இல்ல."

"அட எருமை," என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அதுக்கு இவளையாடா நோயாளி ஆக்குவ?"

சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினாள். பட்டாணியைக் கடைசி வரைக்கும் மடியில் வைத்திருந்தாள், போகும்போது என் கையில்தான் கொடுத்தாள். காரில் ஏறியவள் கண்ணாடியை இறக்கி, "குழம்பு நல்லா இருந்துச்சும்மா. இந்த எருமைக்கு வைக்கோல் போடு, போதும்," என்றாள்.

மார்ச் 24

நேற்று என் பக்கம் பேசினார். சரி. அதற்காக எல்லாம் மறந்துவிடுமா? இன்று முழுக்க அவர் எது கேட்டாலும் "ம்", "ம்ஹூம்" மட்டும்தான். அவர் சாயங்காலம் அலுவலகத்திலிருந்து வந்து, "சொல்லிட்டேன்," என்றார். அதற்கும் "ம்" என்றேன். பிறகு தட்டில் இன்னொரு கரண்டி சோறு போட்டேன்.

மார்ச் 26, புதன்

வெளி வேலையிலிருந்து அவரை நிறுத்திவிட்டார்கள். இப்போதைக்கு ஸ்டோரில் குழாய், நட்டு, போல்ட் பிரித்து அடுக்குகிற வேலை. காய்ச்சலுக்குப் பிறகு அவர் கையெழுத்துப் போட்ட வீடுகளை வேறு ஆள் போய் மறுபடி பார்க்கப் போகிறாராம். அதைச் சொல்லும்போது அவர் குரல் இறங்கிவிட்டது. நல்லவேளை, இதுவரை எங்கேயும் ஒன்றும் ஆகவில்லை. மூக்கு டாக்டர் எழுதிக் கொடுத்தால்தான் மேற்கொண்டு பேசுவார்களாம். அடுத்த ஊர்ப் பயணம் இல்லை. வண்டி இந்தத் திடலிலேயே நிற்கும், நாங்கள் மூவரும் அதிலேயே இருப்போம்.

கோபம் முழுக்கப் போகவில்லை. பொய் சொல்ல மாட்டேன். ஆனால் இன்று காலை வேலைக்குக் கிளம்பும்போது ஒரு சட்டையைக் கொண்டுவந்து நீட்டினார்.

"இதப் போட்டுக்கலாமா, துவைக்கணுமா?"

முகர்ந்து பார்த்தேன். "துவைக்கணும்."

வேறு சட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு போனார்.

எல்லாப் பக்கங்களையும் இப்போதே படம் எடுத்து அனுப்புகிறேன். உன் ஆஸ்பத்திரியில் மூக்குக்குப் பார்க்கிற நல்ல டாக்டர் யார், எந்தக் கிழமை இருப்பார், போன வாசனை திரும்பி வருமா, எதையும் மறைக்காமல் கேட்டுச் சொல். எனக்காக இல்லை என்றாலும் அவருக்காக. டூட்டி முடிந்ததும் முதல் வேலையாக, சீக்கிரம் பதில் போடு அக்கா.